அம்மாவின் நான்காவது அதிர்ஷ்டம்

எங்கள் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் அம்மா ஒரே பெயரைத்தான் வைத்தாள். லெஹ்லோஹோனோலோ. எங்கள் செசோத்தோ மொழியில் அதிர்ஷ்டம் என்று பொருள். ஏற்கெனவே மூன்று அதிர்ஷ்டங்கள் வந்து, ஆளுக்குப் பத்து வாரம் தங்கி, எங்கள் கோழிகள் இட்ட முட்டைகளையெல்லாம் தின்று, போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருந்தன. சமையல் குடிசையின் கூரை முன்பு ஒழுகிய இடத்திலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. நான்காவதாக வந்தவன் வெஸ்லி.

அக்டோபரில் ஒரு மத்தியானம் ஊர்த்தலைவியின் முற்றத்தில் வெள்ளை வேன்கள் வந்து நின்றன. பெண்கள் பாடிக்கொண்டே எதிர்கொண்டு போனார்கள். பாட்டெடுப்பவள் எப்போதும் என் அம்மாதான். அவள் முதல் வரியைப் போட்டால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த தொண்டர்கள் வெயிலில் சிவந்து, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய அமைப்பின் ஆள் ஒவ்வொரு தாயின் பெயரையும் கூப்பிட, அவளவள் தன் பங்கைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வந்துட்டான் என் மகன்! லெஹ்லோஹோனோலோ!" என்று அம்மா குலவையிட்டாள்.

"மறுபடியும் அதே பேரா? உனக்கு வேற பேரே வாய்க்காதா?" என்று பக்கத்து வீட்டு மாதகானே கேட்டாள்.

"ஒண்ணாவது பலிக்காதான்னு பாக்குறேன்டி."

என் பெயர் கெனேவே. அம்மாவை ஊரில் எல்லோரும் மாகெனேவே, அதாவது கெனேவேயின் தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தலைநகர் மசேருவில் ஆங்கில ஆசிரியைக்குப் படித்தவள். படித்து முடித்து ஊர் திரும்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினேன். தலைமையாசிரியர் லெதேகா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆங்கிலம் நடத்தும் கிழவர் வெஸ்லி வந்த அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்கு. அந்த வாக்கை நம்பி நான் கரும்பலகையைத் துடைத்தேன், கட்டுரை திருத்தினேன், அவருடைய மகளின் கல்யாணத்துக்குப் பீட்ரூட்டும் வெட்டிக் கொடுத்தேன்.

வெஸ்லிக்கு என் அறையைக் கொடுத்தாள் அம்மா. கல்லால் கட்டிய, தகரக் கூரை போட்ட, வீட்டிலேயே ஒழுகாத ஒரே அறை. அமைப்பின் ஆட்கள் வந்து கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, தண்ணீர் வடிகட்டி வைத்து, எண்ணெயும் நிலக்கடலை வெண்ணெயும் அரிசியும் இறக்கிவிட்டுப் போனார்கள். தாய்மார்களுக்கு ஒரு நாள் வகுப்பும் எடுத்தார்கள். "தினமும் களியும் கீரையுமாவே போடாதீங்க, அவங்களுக்குப் பழக்கமில்ல" என்றார்களாம். பழக்கமில்லாததைப் பழகத்தானே வந்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அம்மா என்னை முறைத்துவிட்டு அவனுக்கு முட்டை பொரித்தாள். நான் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சமையல் குடிசைக்குப் போனேன்.

கெட்டவன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்கிற குணம் வேண்டும். அவனுக்கு இருபத்து நாலு வயது; எதைப் பார்த்தாலும் கண் கலங்கும். அம்மா தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்து வந்தால் கலங்கும். ஆடு குட்டி போட்டால் கலங்கும். பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்து குளிக்க அம்மா சொல்லிக் கொடுத்த அன்று, முக்கால் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, "இந்த நாட்டுல ஒவ்வொரு துளியும் எவ்வளவு மதிப்புன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது ஆவுசி" என்று என்னிடம் வந்து சொன்னான். ஆவுசி என்றால் அக்கா. நான் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். துணி துவைத்ததில் விரல் முட்டி தோலுரிந்தது. மருந்து போடுவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அந்தப் போட்டோக்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். இணையத்தில் அவன் எழுதுவதை என் போனிலேயே படித்தேன். அவன் இரண்டாவது வாரம் எழுதியது: 'இவர்களிடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இப்படிச் சிரிக்கிறார்களே!' அன்று நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பதை அவன் எழுதவில்லை. மாதகானேயின் வான்கோழி துரத்த, இவன் ஓடிப்போய்க் கக்கூஸுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டு, வான்கோழி போய்விட்டதா என்று உள்ளிருந்தபடியே செசோத்தோவில் கேட்டான். வான்கோழிக்கு உண்டான சொல் தெரியாததால், "அந்தக் கோவக்கார அம்மா போயிட்டாங்களா?" என்றான். மாதகானே தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, "எங்க போறது, இங்கதான்டா நிக்கிறேன்!" என்று கத்தினாள். அவன் மேலும் நெடுநேரம் உள்ளேயே இருந்தான்.

அதே பதிவில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. 'வீட்டு வேலைகளில் அம்மாவுக்கு உதவும் என் பாசமான அக்கா.'

பயிற்சியின் நடுவே தொண்டர்கள் எங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திப் பழக வேண்டும். வெஸ்லி முதல் வகுப்பு முடித்துச் சுண்ணாம்புக்கட்டித் தூசியோடு வந்தான். அம்மா அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

"பிள்ளைங்கள கண்ண மூடிக்கிட்டு அவங்கவங்க கனவ நினைச்சுப் பாக்கச் சொன்னேன். யாருமே பேசல. ரொம்ப வெட்கப்படுறாங்க, பாவம்" என்றான்.

"வெட்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ பேசுற வேகத்துல அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியல. கண்ண மூடச் சொன்னதும் தூங்கிட்டாங்க. அடுத்த மாசம் பரீட்சை. அவங்களுக்குக் கனவு வேண்டாம், கடந்தகால வினைச்சொல் வேணும்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இங்கிலீஷ் டீச்சர்."

"நீங்க டீச்சரா? ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்ல."

அவன் கண் கலங்கிற்று. மறுநாளிலிருந்து பாடத்திட்டத்தைத் தூக்கிக்கொண்டு சமையல் குடிசைக்கு வர ஆரம்பித்தான். நான் களி கிளறிக்கொண்டே எதை வெட்ட வேண்டும், எதை எழுதிப்போட வேண்டும் என்று சொன்னேன். அந்த வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் என் சித்தப்பா பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்காகச் சொன்னேன். அவனுடைய மேற்பார்வையாளர் அவனைப் பிரமாதமாகப் பாராட்டினாராம். இவனுக்கு இயல்பாகவே ஆசிரியக் கை வந்திருக்கிறது என்றாராம். அதையும் அவன் என்னிடமே வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

நவம்பர் கடைசியில், பயிற்சி முடிந்ததும் அவரவர் எந்த ஊரில் இரண்டு வருடம் வேலை செய்யப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். அன்று வெஸ்லி வேலிக்கு வெளியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா! நான் போகவே போறதில்ல! பக்கத்துலயேதான்! ஆத்துக்கு அந்தப் பக்கம், ந்தாதே லெதேகாவோட பள்ளிக்கூடம்!"

ந்தாதே என்பது ஆண்களுக்கு எங்கள் மரியாதைச் சொல். அம்மா குலவையிட்டாள். பாதியில் அவள் குரல் நின்றது. அடுப்புப் பக்கம் என்னைப் பார்த்தாள்.

"என்ன பாடம் நடத்தப் போற?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்!" என்றான்.

நான் களியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் ஆற்றைக் கடந்து போனேன். லெதேகா அலுவலகத்தில் உட்கார்ந்து கோழிக்கால் தின்றுகொண்டிருந்தார். மேசையில் இஞ்சிப் பானம். எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"ந்தாதே, அந்த இடம் எனக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் இல்லைன்னு சொல்லலையே. கொஞ்சம் பொறு."

"எவ்வளவு?"

"ரெண்டு வருஷம். அந்தப் பையன் போனதும் பாப்போம்." எலும்பை உறிஞ்சினார். "இங்க பாரு கெனேவே, உனக்கு நிலைமை புரியணும். உன்னைப் போட்டா நான் கல்வி ஆபீஸுக்கு எழுதணும், அலையணும், கெஞ்சணும். அவன் தானா வர்றான். ஒருத்தன் வந்தா பின்னாலயே பெட்டி பெட்டியா புத்தகம் வருது, கம்ப்யூட்டர் வருது. நீ வந்தா என்ன வரும்?"

"பாடம் வரும்."

"அதான் ரெண்டு வருஷமா வந்துச்சே, சும்மாவே" என்று சொல்லிச் சிரித்தார். உதட்டோரம் கொழுப்பு மின்னிற்று. அந்த மனிதரை இரண்டு வருடம் நான் 'ஐயா' போட்டுப் பேசியிருந்தேன். அதை நினைக்க எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்தபோது வெஸ்லி பீச் மரத்தடியில் செசோத்தோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"ஆவுசி, நான் பக்கத்துல இருக்கப்போறதுல உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல், மெதுவாக, அவனுடைய மொழியிலேயே சொன்னேன். அவன் அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நான் இதைச் சரி பண்ணுவேன்" என்றான்.

"பண்ணு. ஆனா சத்தமில்லாம பண்ணு. உங்க ஆபீஸுக்குப் போ. அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் இருக்கா, ஆள் அனுப்பாதீங்கன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"சத்தியமா" என்றான்.

பிரிவு விழா டிசம்பரில் வந்தது. ஊர்த்தலைவியின் முற்றத்தில் பந்தல். செம்மறி இரண்டு அறுத்திருந்தார்கள். முன்வரிசையில் ஊர்த்தலைவி, அமைப்பின் இயக்குநரம்மா, மாவட்டக் கல்வி அதிகாரி, புதுக் கோட்டுப் போட்ட லெதேகா. இயக்குநரம்மா எங்கள் பெண்கள் உடுத்தும் அச்சுத்துணியில் கவுன் தைத்துப் போட்டிருந்தார். தையற்காரி யாரோ அவர்மேல் கோபத்தில் இருந்திருக்க வேண்டும்.

தொண்டர்கள் ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். வெஸ்லியின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தான்.

"எனக்கு ஒரு அக்கா இருக்குது" என்று செசோத்தோவில் ஆரம்பித்தான். "அக்கா பேரு கெனேவே. அக்கா டீச்சர். நான் வந்தது, அக்கா வேலை போச்சு. இது நல்லா இல்ல. அதனால நான் அந்த வேலையை அக்காவுக்குக் குடுக்குறேன்!"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா குலவையிட்டாள். இயக்குநரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெஸ்லி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்து, எல்லோர் எதிரிலும் கட்டிப்பிடித்தான். பக்கத்தில் நின்ற அவனுடைய தோழன் அதை வீடியோ எடுத்தான். நான் கட்டை மாதிரி நின்றேன். தனக்கு ஏற்கெனவே வேறு இடம் கொடுத்துவிட்டார்கள் என்று, அவன் தோள்மேல் என் முகம் இருந்தபோது காதோரம் சொன்னான். மசேருவில், நூலக அலுவலகத்தில். குழாய்த் தண்ணீர் உண்டாம். முதலிலேயே அவன் கேட்டிருந்த இடம் அதுதானாம்.

அப்போது லெதேகா மைக்கை வாங்கினார்.

"பெரிய மனசுள்ள பிள்ளை!" என்றார். "ஆனா எங்க பிள்ளைங்க ஏமாந்து போக வேண்டாம். இயக்குநரம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன். ஜனவரியில நம்ம பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் நடத்த இந்த மகள் வர்றா." மூன்றாவது வரிசையில் தொண்டர்களோடு உட்கார்ந்திருந்த ப்ரூக் என்ற பெண்ணைக் காட்டினார். அவள் எழுந்து கையசைத்தாள். பாவம், அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. கூட்டம் பழக்க தோஷத்தில் கை தட்டியது. வெஸ்லியும் தட்டினான். பாதி தட்டிய பிறகுதான் அவன் முகம் மாறிற்று.

கடைசியாக வழியனுப்புப் பாட்டு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சர்ச் பெண்கள் சங்கத்தின் சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், மடியில் கோத்த கைகள். பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

"மாகெனேவே, பாட்ட எடு" என்றார் ஊர்த்தலைவி.

"தொண்டை கட்டிக்கிச்சு தாயே."

"இப்பத்தானே குலவை போட்ட?"

"அது அப்போ."

"விளையாடாத. விருந்தாளிங்க நிக்கிறாங்க."

அம்மா லெதேகாவைக் காட்டினாள். "ந்தாதே லெதேகாகிட்டச் சொல்லுங்க தாயே. கூலியில்லாம வேலை செய்ய எங்கிருந்தாவது ஆள் புடிச்சாந்துடுவாரு, அவ்வளவு கெட்டிக்காரரு. பாடறதுக்கும் ஒரு ஆளப் புடிச்சாரட்டும்."

பந்தலின் பின்னாலிருந்து மாதகானேயின் சிரிப்பு வெடித்தது. அது ஆண்கள் பக்கம் பரவிற்று. லெதேகா புதுக் கோட்டின் பித்தானைத் திருகினார்.

"என்ன சொல்றாங்க?" என்று இயக்குநரம்மா தன் மொழிபெயர்ப்பாளனிடம் கேட்டார்.

"தொண்டை வலியாம், மேடம்" என்றான் அவன்.

வேறு எந்தப் பெண்ணும் பாட்டெடுக்கவில்லை. தொண்டர்கள் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் வெஸ்லி ஒரு வேலை செய்தான். தானே பாட ஆரம்பித்தான். எங்கள் பாட்டை, தப்பும் தவறுமாக, தனியாக, கண்ணீரோடு. இரண்டாவது வரியில் அம்மா, "மகனே, உக்காரு" என்றாள். அதட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான். அவன் உட்கார்ந்தான். பத்து வாரத்தில் அவன் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அம்மாவைப் பற்றி அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை சொன்னதிலேயே தெரிந்திருக்கும். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேன்கள் பாட்டில்லாமலே கிளம்பிப் போயின. எங்கள் ஊரில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

அதனால் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. ஜனவரியில் ப்ரூக்தான் லெதேகாவின் பள்ளிக்குப் போனாள். ஆனால் பந்தல் காலியாகும்போது கல்வி அதிகாரி என்னிடம் வந்தார். என் அம்மா பாடாததைவிட, என் பெயரே தன் அலுவலகத்துக்கு வராதது அவரை அதிகம் உறுத்தியிருக்கும் போல.

"சர்டிபிகேட்டெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு ஐயா."

"எங்க ஜில்லாவுல காலி இல்ல. மலையில ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, அங்க இருக்கிறவர் எனக்குத் தெரிஞ்சவர். தொண்டருங்க யாரும் அங்க நிலைக்கிறதில்ல. கரண்ட் கிடையாது. குளிர் எலும்பக் கடிக்கும். போவியா?"

"போறேன்."

மார்ச்சில் உத்தரவு வந்தது. அம்மா தன் கனமான கம்பளியை என் தோளில் போர்த்தி, நழுவாமல் ஊக்குக் குத்தினாள். "அழமாட்டேன். அழுறதுக்குத்தான் அவங்க வர்றாங்களே" என்றாள். பஸ் ஏறும்வரை அழவில்லை.

மலையில் என் பிள்ளைகள் மாடு மேய்க்கும் கம்பளியோடே வகுப்புக்கு வருகிறார்கள். எங்கள் நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; பனி கொட்டினால் மூன்று நாள் பாதை அடைபடும். அந்தக் குளிரில் ஒரு நாள், போன் எடுக்கும் ஒரே பாறையின் மேல் நான் நின்றிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு குதூகலம்.

"சேதி தெரியுமா? அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டா. குளிர் ஒத்துக்கலையாம், மனசும் சரியில்லையாம். லெதேகா நம்ம வீட்டுக்கு வந்தான்டி! தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறான். உங்க மகளைத் திரும்பி வரச் சொல்லுங்க, நானே எழுதி வாங்கித் தர்றேன்ங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உக்காரச் சொன்னேன். தேத்தண்ணி குடுத்தேன். சர்க்கரை தீந்துபோச்சுன்னு சொன்னேன், சர்க்கரை டப்பா அவன் மூக்குக்கு நேராவே இருந்துச்சு. என் மக மலையில பெரிய டீச்சர், உம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு இன்னும் யாராவது பீட்ரூட் வெட்டணும்னா சொல்லி அனுப்புங்க, அவளுக்கு நேரம் இருந்தா பாப்பான்னு சொன்னேன்."

நான் பாறையில் நின்று உரக்கச் சிரித்தேன். லெதேகாவின் தொப்பியையும், சர்க்கரையில்லாத தேநீரை அவர் விழுங்கியதையும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

"அப்ப நீ வரமாட்டேன்னு சொல்லிடவா?" என்றாள் அம்மா.

"சொல்லிடுங்க."

போனை வைத்த பிறகு லெதேகாவின் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரும் போலோ என்ற பெண்ணின் நினைப்பு வந்தது. சம்பளமில்லாத அந்த இரண்டு வருடமும் நான் எழுதிப்போடுவதற்கு முன்பே விடையை முணுமுணுப்பாள். இந்த வருடம் அவளுக்கு அரசாங்கப் பரீட்சை. கிழவர் போய்விட்டார், நான் வந்துவிட்டேன், ப்ரூக்கும் விமானம் ஏறிவிட்டாள். அந்த வகுப்பில் இப்போது லெதேகா, யாராவது சும்மா கிடைக்க மாட்டார்களா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கீழே மணி அடித்தார்கள். நான் பாறையிலிருந்து இறங்கி வகுப்புக்குப் போனேன். அன்று எனக்குப் பாடம் சரியாக வரவில்லை.